ஹார்லிக்ஸ் போத்தலில் 20 கோடி ஆண்டுகள்

அப்பாவின் கருமக்கிரியை முடிந்த மறுவாரம் நானும் தம்பியும் வீட்டுப் பின்கட்டை ஒதுக்கினோம். எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. பால்மரம் வெட்டிய கத்திகள் இரண்டு, தேய்ந்து குழிவிழுந்த சாணைக்கல், துருவேறிய வாளி, எழுத்து மங்கிப்போன சம்பளச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் போத்தல். ஒரு கையால் எடுக்கப் போன தம்பி, சட்டென்று மற்ற கையையும் கொடுத்தான். அவ்வளவு கனம். கழுத்துவரை கறுப்பு மணல்.

"அக்கா, இத லொங்காங்ல கொட்டிட்டு போத்தல கழுவி வச்சிரவா?"

"சாக்கடையில கொட்டாதடா!" என்று கத்திவிட்டேன். அவன் பயந்துபோனான். ஏன் கூடாது என்று கேட்டதற்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது ஆள் குறைப்பு வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா மூன்று ஆண்டு ஈப்போ பக்கம் ஓர் அமாங் கொட்டகைக்கு மோட்டாரில் போய்வந்தார். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அமாங் என்றால் தெரியும். ஆற்று மண்ணைக் கழுவி ஈயக்கல்லை எடுத்தபிறகு மிஞ்சும் கனத்த மணல் அது. அதைக் கொட்டகையில் காயவைத்து, சலித்து, பெரிய காந்தங்களுக்கு அடியில் ஓடவிட்டு வகைவகையாகப் பிரிப்பார்கள். கறுப்பாக வருவது இல்மனைட். கண்ணாடிபோல் மினுங்குவது சிர்கோன். மஞ்சளும் பழுப்புமாய், நாட்டுச்சர்க்கரைத் துகள்போல உருண்டு இருப்பது மோனசைட்.

அப்பா வாய்க்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் சோப்பு நுரை சாம்பல் நிறத்தில் வழியும். ஒருநாள் எங்களுக்கு விளையாட இந்தப் போத்தல் நிறைய மணல் கொண்டுவந்தார். "கனமான மண்ணும்மா, தூக்கிப் பாரு" என்றார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து இழுப்போம். கறுப்பில் ஒரு பங்கு முள்ளம்பன்றி முதுகுபோல் சிலிர்த்துக்கொண்டு பின்னால் வரும். மஞ்சள் துகள்கள் அசையாமல் கிடக்கும். அந்த மஞ்சளைத்தான் தம்பி தனியாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வான், தங்கம் என்று.

அந்த மஞ்சளில் தோரியம் இருக்கிறது. கதிர்வீசும் உலோகம். கொட்டகையில் எவரும் இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குக் கடைசியில் வந்தது நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும். மணலின்மீது அந்தப் பழியைப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் மூன்று ஆண்டு தினமும் கையில் அள்ளிய பொருளின் பெயர் தெரியாமலே ஒரு மனிதர் செத்துப்போனார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல்கலைக்கழகத்தில்தான் நான் அந்த எண்ணைப் படித்தேன். தோரியம்-232இன் அரைவாழ்வு 1,405 கோடி ஆண்டுகள். அதாவது கையில் உள்ளதில் பாதி அழிய அவ்வளவு காலம். பூமிக்கே 454 கோடி வயது. பிரபஞ்சத்துக்கு சுமார் 1,380 கோடி. பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட அரைவாழ்வு உள்ள ஒன்றை நாங்கள் திண்ணையில் வைத்து விளையாடியிருக்கிறோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணைப் பார்த்துப் பயந்தேன்.

பயந்தது தவறான இடத்தில் என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின. அணுக்கழிவு என்றால் உடனே எல்லாரும் கேட்பது "எத்தனை வருஷம்?" என்றுதான். எண் பெரிதாக ஆக ஆபத்தும் பெரிதென்று மனம் நினைத்துக்கொள்கிறது. உள்ளே நடப்பது நேர்மாறானது. தீபாவளி போனஸை ஒரே வாரத்தில் வாரி இறைப்பவனையும், அதையே முடிந்துவைத்து நாளுக்கு ஒரு காசாக எடுப்பவனையும் நினைத்துப் பாருங்கள். பணம் ஒன்றுதான். நீண்ட நாள் வருவது, நாளுக்குக் கொஞ்சமாகச் செலவாவதால்தான். ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் உடைகின்றன. ஒரு கிராம் புளுட்டோனியம்-239இல் நொடிக்குச் சுமார் 230 கோடி. அதன் அரைவாழ்வு 24,100 ஆண்டுகள். அணு உலையில் பிறக்கும் சீசியம்-137க்கு அரைவாழ்வு 30 ஆண்டுதான், ஒரு கிராமில் நொடிக்கு உடைவதோ 3 லட்சம் கோடிக்கும் மேல். அருகில் நிற்பவனைக் கொல்வது அந்த 30தான்.

அந்த 30 தோட்டத்து மக்களுக்குப் பழகிய எண். கன்று நட்டு ஆறேழு ஆண்டில் பால் வெட்டத் தொடங்கி, 25, 30 ஆண்டில் மரத்தைச் சாய்த்து மறுநடவு போடுவார்கள். அப்பா தன் வாழ்நாளில் ஒரே காட்டில் இரண்டு மறுநடவு பார்த்தார். சீசியத்தின் ஓர் அரைவாழ்வு என்பது ஒரு பால்மரத்தின் ஆயுள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலாகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. இந்த நாட்டு ரப்பருக்கெல்லாம் மூத்த தலைமுறை அது. அந்த மரத்தடியில் அன்றைக்கே ஒரு பெட்டி சீசியத்தைப் புதைத்திருந்தால், ஐந்து மர ஆயுள் கடந்து இன்று 32இல் ஒரு பங்கு மீந்திருக்கும். இன்னும் ஐந்து மர ஆயுள் போனால், அதாவது புதைத்து 300 ஆண்டானால், ஆயிரத்தில் ஒரு பங்கு.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளின் கதையே பாதி இதுதான். அதில் பெரும்பங்கு, நூற்றில் 95 போல, எரியாத யுரேனியம். நூற்றில் ஒன்று புளுட்டோனியம். மீதி சில பங்குதான் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற உடைசல்கள். முதல் 300 ஆண்டுக்கு இந்தச் சில பங்குதான் உக்கிரம். அந்த அனல் தணிந்தபின் புளுட்டோனியமும் அமெரிசியமும் நின்று நிதானமாக எரிகின்றன. ஒரு லட்சம் ஆண்டும் அதற்குச் சற்று மேலும் ஆனபின், எந்த யுரேனியத் தாதிலிருந்து அதைத் தோண்டினார்களோ அந்தத் தாதின் நச்சு அளவுக்கு இறங்குகிறது. மலேசியாவில் அணு மின்நிலையம் இல்லை. பாங்கியில் 1982 முதல் ஓடும் ஒரு சிறிய ஆராய்ச்சி உலைதான் உண்டு. நிலையம் கட்டலாமா என்ற பேச்சு மட்டும் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. எழும்போதெல்லாம் அந்த ஒரு லட்சமும் கூடவே எழுந்து வரும்.

ஒரு லட்சம் ஆண்டு என்றால் எவ்வளவு? வகுப்பில் இதைச் சொல்ல நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில் போய்வந்த வழி. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் அந்த வழி முழுவதும் 20 கோடி ஆண்டு. நம் தித்திவாங்சா மலையின் கிரானைட் பாறைக்கு ஏறக்குறைய அந்த வயது; பல இடங்களில் அதற்கும் கொஞ்சம் கூடுதல். நெடுஞ்சாலையில் இடப்பக்கம் கூடவே வரும் மலைதான் அந்தத் தூரத்துக்குச் சாட்சி. இப்போது அளந்து பாருங்கள். அப்பாவின் 81 வயது எட்டு சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். சீசியத்தின் அரைவாழ்வு மூன்று சென்டிமீட்டர். ரப்பர் இந்த நாட்டுக்கு வந்தது 15 சென்டிமீட்டருக்கு முன். தமிழில் எழுத்து என்று கிடைத்திருப்பதெல்லாம் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். புளுட்டோனியத்தின் அரைவாழ்வு 24 மீட்டர், இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தியதுபோல. அந்தப் பயங்கரமான ஒரு லட்சம் ஆண்டு 100 மீட்டர். பஸ் ஈப்போ நிலையத்தைவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

எல்லாம் அப்படி முடிவதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் மறைத்ததில்லை. அயோடின்-129க்கு அரைவாழ்வு 1 கோடியே 57 லட்சம் ஆண்டு. அது 15 கிலோமீட்டருக்கும் மேல் நடக்கும். கதிர் பலவீனம்தான், ஆனால் தண்ணீரோடு எளிதாகக் கலந்து நகரும் குணம் உடையது. நீண்ட காலக் கணக்குப் போடுபவர்களைத் தூங்கவிடாமல் செய்வதில் அதற்கும் பங்குண்டு.

பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நூறு மீட்டர்தான்னா அப்புறம் ஏன் பயப்படணும்?"

நல்ல கேள்வி. அதற்காகவே ஓர் ஆண்டு ஐந்தாம் படிவப் பிள்ளைகளை லெங்கோங்குக்கு அழைத்துப்போனேன். எங்கள் ஊரிலிருந்து கோலாகங்சார் தாண்டி, பேராக் ஆற்றை ஒட்டி வடக்கே போகும் வழி. லெங்கோங் பள்ளத்தாக்கை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. அங்கே குனோங் ருந்து குகையில் ஒரு மனிதரின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. பேராக் மனிதர் என்று பெயர். புதைத்து 10,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் சாலையில் பத்து மீட்டர். பிறவியிலேயே ஒரு கையில் ஊனம். கைகால்களை மடக்கி, சிப்பிகளும் கல்லாயுதங்களும் கூடவைத்துப் பத்திரமாகப் புதைத்திருந்தார்கள். ஊனமான ஒருவரை நடுவயது தாண்டும்வரை காப்பாற்றி, செத்தபிறகும் மரியாதை செய்த கூட்டம் அது. அவர்கள் பேசிய மொழியில் ஒரு சொல் நமக்கு மீதமில்லை. அவர் பெயர் தெரியாது. அந்தச் சிப்பிகளால் நமக்கு என்ன சொல்ல நினைத்தார்கள் என்பதும் தெரியாது.

அங்கிருந்து சற்றுத் தள்ளிக் கோத்தா தம்பான். கற்கால மனிதர்கள் உட்கார்ந்து கல்லாயுதம் செதுக்கிய பட்டறை. சுத்தியாகப் பயன்பட்ட கல்லும், அடைகல்லும், சிதறிய சில்லும் அவரவர் போட்ட இடத்திலேயே கிடந்தன. அவற்றோடு வெள்ளைச் சாம்பல். சுமத்ராவின் தோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது கடல் தாண்டி வந்து விழுந்த சாம்பல். பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். தோபா வெடித்த அன்று இங்கே கொஞ்சம் புளுட்டோனியத்தைப் புதைத்திருந்தால் இன்று எவ்வளவு இருக்கும்? மூன்று அரைவாழ்வு போயிருக்கும். எட்டில் ஒரு பங்கு மிச்சம். அந்தச் சாம்பலோ இன்னும் மண்ணுக்குள் அடுக்காக இருக்கிறது.

கேள்வி கேட்டவள் நெடுநேரம் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறும்போது, "மண்ணுக்கு ஞாபகம் இருக்கு டீச்சர், ஆளுக்குத்தான் இல்ல" என்றாள். நான் முப்பது ஆண்டில் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும்விட அவள் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

மண்ணுக்கும் எல்லா இடத்திலும் ஒரே ஞாபகம் கிடையாது. கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பாருங்கள். கிரானைட்டைவிட வயதில் மூத்தவை, 25 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுவரை. ஆனால் மழைத் தண்ணீர் பட்டால் கரையும். நாம் கும்பிடும் குகைக்கோயில்களை எல்லாம் குடைந்தது அந்தத் தண்ணீர்தான். வயது இருக்கிறது, காவல் இல்லை. கிரானைட்டும் நம் மழையில் மேலே பல மீட்டர் ஆழம் செம்மண்ணாக உளுத்திருக்கிறது. அதற்குக் கீழே விரிசல் இல்லாத கல்லாக இருந்தால் மட்டும் நம்பலாம். கழிவைப் புதைக்க இடம் தேடுபவர்கள் பாறையிடம் வயதைக் கேட்பதில்லை. தண்ணீர் உன் வழியாகப் போகுமா, போனால் எத்தனை வேகத்தில் போகும் என்றுதான் கேட்கிறார்கள். பின்லாந்தில் ஓல்கிலுவாத்தோ தீவில் 400 மீட்டருக்கும் ஆழத்தில் அப்படி ஒரு கிடங்கைக் குடைந்திருக்கிறார்கள். 190 கோடி ஆண்டுப் பாறை. எரிபொருளைச் செம்புக் குடுவையில் அடைத்து, சுற்றிலும் ஈரம் பட்டால் உப்பித் துவாரத்தை அடைக்கும் பெண்டோனைட் களிமண்ணை இட்டு மூடுவது அவர்கள் முறை. ஒவ்வொரு சுற்றும் தண்ணீருக்கு எதிரான சுற்று.

இயற்கையும் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்து யுரேனியத்தில், வழக்கமாக நூற்றுக்கு 0.720 இருக்க வேண்டிய யுரேனியம்-235, 0.717 மட்டுமே இருப்பதை 1972இல் பிரான்சில் கண்டார்கள். யாராவது திருடினார்களா என்றுகூடத் தேடினார்கள். கடைசியில் தெரிந்தது: ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தடி நீர் ஊறிய அந்தத் தாதுப் படுகை தானாகவே அணு உலையாக மாறிச் சில லட்சம் ஆண்டு விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. அதில் பிறந்த புளுட்டோனியம் எப்போதோ யுரேனியமாக மாறி முடிந்துவிட்டது. ஆனால் அது கிடந்த தடம் இருக்கிறது. பிறந்த இடத்தைவிட்டு அது சில மீட்டர்கூட அலையவில்லை. செம்புக் குடுவை இல்லை, வேலி இல்லை, காவலாளி இல்லை. சீசியம் போன்ற சில பொருள்கள் அங்கே நிற்காமல் வெளியேறியிருக்கின்றன. ஓர் ஓக்லோவை வைத்து எல்லாப் பாறைக்கும் நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. இருந்தாலும், சரியான பாறையால் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

அத்தாட்சிக்கு ஆப்பிரிக்காவரை போகத் தேவையில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அப்பாவின் போத்தலில் உள்ள மஞ்சள் துகளே போதும். கிரானைட் உருகிய குழம்பாக இருந்தபோது உண்டான படிகம் அது. பாறை உளுத்தது, மழை அடித்தது, ஆறு உருட்டிக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் போட்டது. ஓரங்கள் தேய்ந்து உருண்டையானதே தவிர, உள்ளே இருந்த தோரியத்தை அந்தத் துகள் வெளியே விடவில்லை. 20 கோடி ஆண்டில் அழிந்தது நூற்றில் ஒரு பங்கு. மற்ற 99 பங்கும் பிறந்த கூட்டிலேயே இருக்கிறது. இதனால்தான் புளுட்டோனியம் போன்றவற்றை அடைத்துவைக்க மோனசைட்டைப் போன்ற பீங்கானைச் செயற்கையாகச் செய்யலாமா என்று ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். கழிவை ஒரு லட்சம் ஆண்டு காக்கும் பெட்டிக்கு அவர்கள் தேடும் முன்மாதிரி, தம்பி உள்ளங்கையில் வைத்திருந்த தங்கம்.

அந்தப் பெட்டியை நாம் உடைத்தோம். ஈப்போவுக்கு வெளியே, புக்கிட் மேராவில் 1982இல், அருமண் எனும் அரிய உலோகங்களைப் பிரிக்கும் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. ஈய மணலிலிருந்து பிரித்த மோனசைட்டை இரசாயனத்தில் கரைத்து, நிறத் தொலைக்காட்சித் திரைக்கும் மற்றவற்றுக்கும் வேண்டிய அருமண்களை எடுத்தார்கள். மிஞ்சிய தோரியம் கூழாகக் கழிவில் சேர்ந்தது. படிகத்துக்குள் இருக்கும்வரை கட்டுண்டு கிடந்தது, கரைத்தபின் தண்ணீருக்கும் தூசிக்கும் பதில் சொல்லும் பொருளாகிவிட்டது. தோரியத்தின் பிள்ளையான ரேடியத்துக்கும், பேரப்பிள்ளையாக வரும் வாயுவுக்கும் வெளியே வர வழி திறந்தது. 1984இல் பாப்பான் ஊருக்கு அருகே அந்தக் கழிவுக்கென்று குழி வெட்டியபோது ஊரே திரண்டு தடுத்தது. போர்க்காலத்தில் சிபில் கார்த்திகேசு அம்மையார் மருந்தகம் நடத்திக் கெரில்லாக்களுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்த அதே பாப்பான். அந்த ஊருக்கு எதிர்த்து நிற்பது புதிதில்லை. கிடங்கு கிலேடாங் மலைப்பக்கம் மாறியது. புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்து 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது. இடத்தைத் துப்புரவு செய்து, கழிவை மலையில் அடக்கம் செய்யும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டு நடந்தது.

1982இலிருந்து 1994. நம் சாலையில் 12 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தின் அகலம். கல் 200 கிலோமீட்டர் சுமந்துவந்ததை நம்மால் ஒரு நகத்தின் அகலத்துக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. தோரியத்துக்கு 1,405 கோடி ஆண்டு என்று நான் பயந்து விழித்திருந்த இரவில், பயப்பட வேண்டியதாக இருந்தது இந்த 12தான்.

நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு மேல் எதையாவது ஒழுங்காக நினைவில் வைத்திருக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறதா என்று எங்கள் தோட்டத்தை வைத்தே பார்க்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது தாமான் எனும் புதுக் குடியிருப்பு. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களம் இப்போது கார் நிறுத்துமிடம். மாரியம்மன் கோயில் மட்டும் சாலையோரத்துக்கு இடம்பெயர்ந்து நிற்கிறது. தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது என்று மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருவர் அப்பா. என் பாட்டியின் சமாதி அந்தச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. போன முறை தேடிப் போய், ஒரு மேட்டைப் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தோம். அறுபது ஆண்டு. ஆறு சென்டிமீட்டர்.

கல்லில் கட்டினாலும் இதே கதைதான். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில், சோழர் கப்பல் வந்த கடாரத்து மண்ணில், ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைமையான ஒரு கோயிலின் எச்சம் நின்றது. அங்கே பழங்கோயிலைச் சண்டி என்பார்கள்; ஆய்வாளர்கள் எண் கொடுத்துப் பதிந்துவைத்த 11ஆம் சண்டி இது. நிலத்தைச் சமன் செய்தபோது அதை இயந்திரம் வாரிவிட்டது என்று 2013இல் தெரியவந்தது. எண்ணும் பதிவேடும் இருந்தும் போய்விட்டது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 25 கோடி ஆண்டு உப்புப் படுகைக்குள் 655 மீட்டர் ஆழத்தில் 1999 முதல் அணுக்கழிவைப் புதைக்கிறார்கள். 10,000 ஆண்டுக்குப் பின் வருபவன் அங்கே தோண்டாமல் இருக்க மேலே என்ன அடையாளம் வைப்பது என்று மொழியறிஞர்களையும் மானிடவியலாரையும் உட்காரவைத்து யோசித்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிப்பிகள் நினைவுக்கு வந்தன. உப்புப் படுகை தன் வேலையைச் செய்யும் என்று நான் நம்புகிறேன். மேலே எழுதிவைக்கும் எழுத்தைப் பற்றித்தான் எனக்கு நிச்சயமில்லை. ஆகவே, மனிதன் மறந்தாலும் பாதகமில்லாத ஆழத்திலும் அப்படிப்பட்ட கல்லிலும்தான் அதை வைக்க வேண்டும். வேலியும் பலகையும் காவலாளியும் முதல் சில தலைமுறைக்குத்தான் ஆகும். கொட்டகையிலோ பீப்பாயிலோ "தற்காலிகமாக" என்று சொல்லி விட்டுவைப்பதை நான் எந்த நாளும் ஏற்கமாட்டேன். எங்கள் ஊரில் தற்காலிகம் என்று சொன்ன எதுவும் இருபது ஆண்டுக்குள் அகன்றதில்லை.

போத்தலுக்கு வருகிறேன். மூடியிருக்கும்வரை அதனால் பெரிய கேடு இல்லை. கொட்டிக் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால்தான் கவலை. லொங்காங்கில் கொட்டினால் மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோகும், ஆறு எங்காவது ஒரு வளைவில் படியவிடும், அப்புறம் அது யாருடைய வீட்டுச் சுவர்ப் பூச்சு மணலிலும் சேரலாம். யார் கையிலும் பெயரில்லாமல் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் கத்தினேன். அணுசக்தித் துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், எங்கே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று.

பதில் வரும்வரை சும்மா வைக்க மனமில்லை. தம்பி மூடியைச் சுற்றி டேப் ஒட்டினான். நான் ஒரு தாளில் தமிழில் எழுதினேன்: "அமாங் மணல். மோனசைட் கலந்தது. கதிர்வீச்சு உண்டு. திறக்காதீர்கள், கொட்டாதீர்கள்." தம்பி மகள் எட்டிப் பார்த்தாள். மலாய்வழித் தேசியப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு அத்த?"

வாசித்துக் காட்டினேன்.

"எனக்கே தெரியலையே, நான் பெரியவளானப்புறம் யாரு வாசிச்சுச் சொல்வா?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதற்குக் கீழே மலாயில் தன் கையெழுத்தில் எழுதினாள். இடம் போதாமல் கடைசிச் சொல்லை மடக்கிப் பக்கவாட்டில் எழுத வேண்டியிருந்தது. அதற்கும் கீழே தாத்தாவின் பெயரையும் தேதியையும் போட்டாள். தம்பி அதன்மேல் இன்னொரு சுற்று டேப் ஒட்டி, போத்தலைத் திரும்ப அடித்தட்டில் வைத்தான், எழுத்து முன்பக்கம் தெரியும்படி.